பிராக் பீக்குகளுக்கு நடுவில் பாருங்கள்

ஃப்ரஸ்ட்ரேட்டட் காந்தங்களில் (அணுக் காந்தங்களின் விருப்பங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நிறைவேற முடியாத பொருட்கள்) பிஎச்.டி. சேர்ந்தவர்கள் சிலர், நியூட்ரான் சிதறலை (பொருளின் மேல் நியூட்ரான்களை விட்டு, அவை எப்படிச் சிதறுகின்றன என்று பார்ப்பது) எங்கிருந்து படிக்கத் தொடங்குவது என்று கேட்கிறார்கள். கருவியிலிருந்து தொடங்காதீர்கள். ஹோல்மியம் டைட்டனேட் என்ற ஒரே பொருளை எடுத்துக்கொண்டு கொஞ்ச காலம் அதிலேயே கிடங்கள்.

அதில் ஹோல்மியம் அயனிகள் நான்முகிகளின் மூலைகளில் இருக்கின்றன, ஒவ்வொரு நான்முகியிலும் இரண்டு ஸ்பின் (அயனியின் சிறு காந்த அம்பு) உள்ளே, இரண்டு வெளியே பார்க்க வேண்டும், அவ்வளவுதான் விதி. நான்கு ஸ்பின்னுக்கு மொத்தம் 16 நிலைகள், விதிக்கு ஒத்துவருபவை 6. இப்படி ஏகப்பட்ட வழி இருப்பதால் 1 கெல்வினுக்குக் கீழே குளிர்வித்தாலும் ஸ்பின்கள் ஒழுங்குக்கு வருவதில்லை, காந்த பிராக் பீக்கும் (ஒழுங்கான அடுக்கு தரும் கூர்மையான சிதறல் உச்சம்) கிடைக்காது. ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறதே, அது பீக்குகளுக்கு நடுவே பரவலான சிதறலாகத் தெரியும். படிகவியல் வகுப்பில் பின்னணி என்று கழித்துத் தள்ளுவோமே, அந்த இடத்தில்தான்.

இதை வாசித்தால் மட்டும் புரியாது, லேப்டாப்பில் மான்டி கார்லோ நிரல் (ஸ்பின்களைத் தற்செயலாகத் திருப்பிப் பார்க்கும் உருவகம்) எழுதிப் பாருங்கள். கனசதுர அலகு ஒன்றில் 16 ஸ்பின், 4×4×4 எடுத்தால் 1024, சாதாரண லேப்டாப்பே போதும். ஒவ்வொரு ஸ்பின்னாகத் திருப்பினால் குளிரக் குளிர எல்லாம் உறைந்துவிடும், ஏனென்றால் ஒன்றைத் திருப்பினாலே அதைப் பகிரும் இரண்டு நான்முகிகளிலும் விதி உடைகிறது, அதனால் வளையமாகச் சேர்த்துத் திருப்பும் நிரலும் வேண்டும். அப்புறம் சிதறலைக் கணக்கிடும்போது, ஸ்பின்னில் சிதறல் திசையனுக்கு (சிதறும்போது நியூட்ரானின் உந்தம் மாறும் திசை) செங்குத்தான கூறு மட்டும்தான் நியூட்ரானுக்குத் தெரியும் என்பதை விட்டுவிடாதீர்கள், விட்டால் படமே வேறாக வரும்.

இந்த நிரல் ஓடிய பிறகு ஹோல்மியம் டைட்டனேட்டின் 2009ஆம் ஆண்டு அளவீட்டைப் படியுங்கள். அதற்கு முன் துருவப்படுத்தாத (ஸ்பின் திசை ஒருங்கமைக்காத) நியூட்ரான்களால் எடுத்த படங்களில் தெளிவில்லாமல் இருந்த பிஞ்ச் பாயின்ட்கள் (பரவலான சிதறல் ஒரு புள்ளியில் குறுகும் இடங்கள், அந்த விதியின் அடையாளம்), பிரான்சின் கிரெனோபிளில் உள்ள ஐ.எல்.எல். நியூட்ரான் ஆய்வகத்து டி7 கருவியில் ஸ்பின் திரும்பும் சேனலை, அதாவது சிதறும்போது ஸ்பின் புரண்ட நியூட்ரான்களை, தனியாகப் பிரித்தபோது பளிச்சென்று வந்தன. உங்கள் கணக்கிலும் ஸ்பின் திரும்பும், திரும்பாத இரண்டு சேனலையும் பிரித்து, பிறகு கூட்டிப் பாருங்கள், எது எதை மறைத்தது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

மாதிரி விஷயத்தில் முன்யோசனை வேண்டும். ஹோல்மியத்துக்குப் பதில் டிஸ்புரோசியம் உள்ள பொருளென்றால், இயற்கை டிஸ்புரோசியம் நியூட்ரானை விழுங்கிவிடும், அதனால் டிஸ்புரோசியம்-162 ஐசோடோப்பைத் தேடுவார்கள், விலை அதிகம். ஹைட்ரஜன் உள்ள பொருளென்றால் அது பின்னணிச் சிதறலைக் கூட்டிவிடும், அதனால் டியூட்டீரியத்துக்கு (கன ஹைட்ரஜன்) மாற்ற வேண்டும். பின்னணிக்காக உயர் வெப்பநிலைத் தரவைக் கழிப்பது எல்லோரும் செய்வதுதான், ஆனால் அங்கேயும் பாராகாந்தச் சிதறல் (ஒழுங்கற்று ஆடும் ஸ்பின்கள் தருவது) இருக்கிறது, கழித்த பிறகு சில இடங்களில் எண்கள் எதிர்மறையாக வந்தால் பதற வேண்டாம்.

கடைசியாக வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வு) ஒன்று. ஆற்றலில் அகலமாகப் பரவிய சிதறல் வந்தவுடன் குவாண்டம் ஸ்பின் திரவம் (மிகக் குளிரிலும் குவாண்டம் விளைவால் ஸ்பின்கள் ஒழுங்குக்கு வராத நிலை) என்று எழுதிவிடாதீர்கள். இட்டெர்பியம் மக்னீசியம் காலியம் ஆக்சைடில் அப்படித்தான் வந்தது, ஆனால் மக்னீசியமும் காலியமும் ஒரே இடத்தில் கலந்து உட்கார்ந்திருப்பதால் அந்தப் பரவல் அந்தக் கலப்பின் விளைவா என்ற வாதம் வந்துவிட்டது. உங்கள் பொருளில் அணுக்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்றுதான் தேர்வாளர் முதலில் கேட்பார், கையில் டிஃப்ராக்‌ஷன் ரிஃபைன்மென்ட் (அணுக்களின் இடங்களைச் சிதறல் தரவோடு பொருத்திப் பார்த்த கணக்கு) தயாராக இருக்கட்டும்.