வலது முட்டியும் லயத்துப் படிகளும்

கால்பந்தில் நடுக்களத்தில் ஆடுகிறவள் ஓயாமல் செய்கிற வேலை ஒன்று உண்டு. எதிரணிக்காரி முதுகோடு ஒட்டி நிற்க, பந்தை வாங்கி அரைவட்டமாகத் திரும்ப வேண்டும். 2025 ஜனவரியில் ஒரு பயிற்சி ஆட்டத்தில் அதைத்தான் செய்தேன். யாரும் என்மேல் மோதவில்லை. வலது கால் புல்லில் ஊன்றியபடி நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. முட்டிக்குள் ‘டொக்’ என்று ஒரு சத்தம். பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தவளுக்கும் அது கேட்டிருக்கிறது.

"சாரமில்ல மோளே", பரவாயில்லை மகளே என்று மலையாளத்தில் சொல்லிக் கோச் கைகொடுத்துத் தூக்கினார். நடக்கவும் முடிந்தது. அதுதான் ஏமாற்றிவிட்டது. ராத்திரிக்குள் முட்டி பப்பாளி மாதிரி வீங்கியது. சீசன் முடிந்த பிறகு வா என்று கிளப்பில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வந்த இடத்தில் சுளுக்கு என்று சொல்லி, தைலம் போட்டு உருவி, மூன்று வாரம் போயிற்று. ஒருநாள் படி இறங்கும்போது மேல்கால் ஒரு பக்கமும் கீழ்க்கால் ஒரு பக்கமும் போவதுபோல முட்டி வழுக்கியது. அப்போதுதான் பயம் வந்தது. ஆடுகிற பிள்ளைகளே, சத்தம் கேட்டு அன்றைக்கே வீங்கினால் யாரையும் உருவ விடாதீர்கள்.

எங்கள் வீடு மூணாறு பக்கத்துத் தேயிலை எஸ்டேட் லயம், அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளில் ஒன்று. தாத்தா காலத்தில் சங்கரன்கோவில் பக்கமிருந்து வந்த குடும்பம். இங்கே எஸ்டேட்டுகளுக்குள் நடக்கிற ஃபின்லே ஷீல்டு கால்பந்துப் போட்டிக்கு 1941-இலிருந்து வரலாறு இருக்கிறது. அதை வேடிக்கை பார்த்து வளர்ந்ததால்தான் நானும் பந்தைத் தொட்டேன். ஆனால் மலையில் சமதளம் ஏது? கடைக்கு, பஸ்ஸுக்கு, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற மஸ்டருக்கு என்று எங்கே போனாலும் ஏற்றம் அல்லது இறக்கம். எங்கள் லயத்திலிருந்து ரோட்டுக்கு இறங்க நாற்பத்தொரு படி. முட்டி போனவளுக்கு அது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

சித்தி வீடு மதுரையில் இருப்பதால் போடிமெட்டு வழியாக அங்கேயே போனோம். டாக்டர் காலை லேசாக மடக்கிப் பிடித்து, கீழ்க்காலை முன்னால் இழுத்துப் பார்த்தார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. "ஏ.சி.எல். போயிருக்கும்மா" என்றார். ஸ்கேனும் அதையே சொன்னது. தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முட்டிக்குள் குறுக்காகக் கட்டி வைத்திருக்கிற நார் அது. முழுசாக அறுந்தால் பெரும்பாலும் தானாக ஒட்டாது. தொடையின் பின்பக்கத்திலிருந்து தசைநாண் எடுத்து அந்த இடத்தில் வைத்துக் கட்டுவார்கள். உடனே செய்யவில்லை. வீக்கம் வடிந்து, கால் முழுசாக நீட்ட வந்த பிறகுதான் கத்தி என்றார். மார்ச் முதல் வாரம் ஆபரேஷன். பணம் எப்படிப் புரட்டினோம் என்பது தனிக் கதை. கிளப் ஒப்பந்தம் சீசனோடு முடிந்துவிட்டது என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

ஆபரேஷன் அல்ல, அதற்குப் பிறகுதான் கஷ்டம். குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, முட்டியைக் கீழே அழுத்து என்பார் ஃபிசியோ மேடம். மூளை சொல்லும், தொடை கேட்காது. முதல் வாரம் முழுக்க என் தொடையையே முறைத்துப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். ஐந்தாம் நாள் முட்டிச்சில்லுக்கு மேலே சதை ஒரு துடி துடித்தது. கோல் போட்டபோதுகூட அப்படிக் கத்தியதில்லை, சித்தி அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிட்டாள்.

ஊருக்கு வந்த பிறகு வாரம் இரண்டு நாள் அடிமாலியில் ஃபிசியோ. மற்ற நாள் அந்த நாற்பத்தொரு படிதான் என் ஜிம். ஏறுவது சுலபம், மெதுவாக இறங்குவதில்தான் தொடைக்கு வேலை. மாதம் ஒருமுறை முட்டிச்சில்லுக்குப் பத்து சென்டிமீட்டர் மேலே அம்மா தையல் டேப்பைச் சுற்றி அளப்பாள். முதல் தடவை இடது தொடையைவிட வலது நாலு சென்டிமீட்டர் குறைவு.

மூன்றாம் மாதம் வலியே இல்லை, ஓடலாம் போலிருந்தது. அந்தச் சமயம்தான் ஆபத்து. புதிதாக வைத்த நார் முதல் சில மாதம் பலம் குறைந்து, பிறகுதான் மெல்லத் தேறும். ஒன்பது மாதத்துக்கு முன்னால் ஆடப் போகிறவர்களுக்கு மறுபடி அறுகிற வாய்ப்பு அதிகம். ஸ்பெயின் கால்பந்து வீராங்கனை அலெக்ஸியா புதேயாஸ் 2022 ஜூலையில் இதே நார் அறுந்து, கிட்டத்தட்ட பத்து மாதம் வெளியே இருந்தார். உலகத்தின் சிறந்த வீராங்கனை என்று பட்டம் வாங்கியவருக்கே பத்து மாதம் என்றால் நான் எம்மாத்திரம்?

ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்தக் காயம் இரண்டு மூன்று மடங்கு அதிகம். இடுப்பு அகலம், ஹார்மோன் என்று காரணம் சொல்கிறவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் பதினெட்டு வயது வரை ஒருவர்கூட எனக்குக் கால் பலத்துக்கு என்று பயிற்சி தந்ததில்லை, பாய்ந்து இறங்கும்போது முட்டி உள்ளே சாயக்கூடாது என்று சொன்னதுமில்லை. உடம்பைக் குறை சொல்வதற்கு முன்னால் அதையும் கணக்கில் எடுங்கள்.

ஜூலையில் மழை ஓயாமல் கொட்டியது. 5-ஆம் தேதி இந்தியப் பெண்கள் அணி தாய்லாந்தை 2-1 என்று வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. இரண்டு கோலும் சங்கீதா பாஸ்போர், என்னைப் போலவே நடுக்களக்காரி. சிக்னலுக்காகக் குடையோடு மேட்டில் நின்று, திக்கித் திக்கி ஓடிய அந்தக் கோல் வீடியோவை ஏழெட்டு தடவை பார்த்தேன். சந்தோஷமும் வயிற்றெரிச்சலும் ஒன்றாக வந்தன, மறைப்பானேன்.

டிசம்பரில் ஒற்றைக்காலில் தாவும் சோதனை. நல்ல கால் தாவும் தூரத்தில் தொண்ணூறு சதவீதமாவது அடிபட்ட கால் தாவ வேண்டும். தொண்ணூற்று மூன்று வந்தது. டேப்பில் இன்னும் ஒரு சென்டிமீட்டர் பாக்கி. மேடம் சரி என்று எழுதிக் கொடுத்தார்.

பழைய மூணாறு மைதானத்தில் ஒரு நட்பு ஆட்டம். கடைசி இருபது நிமிஷம் இறங்கினேன். ஒரு பாஸ்கூடத் தவறவில்லை. 2015-இல் போனஸுக்காக மற்ற தோட்டத் தொழிலாளிப் பெண்களோடு நடுரோட்டில் போராட்டத்தில் உட்கார்ந்தவள் என் அம்மா, எதையும் லேசில் விடமாட்டாள். வீட்டுக்குப் படி ஏறும்போது கேட்டாள்.

"நல்லாத்தான் ஆடுன. ஆனா வாங்குன பந்தையெல்லாம் ஏன் பின்னாடியே குடுத்த? வலது பக்கம் ஒரு தடவகூட திரும்பலயே, பிள்ள?"