தலைநகரமே இல்லாத ஒரு தேசம்

பசிபிக் வரைபடத்தை எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் டோக்கெலாவ் மூன்று புள்ளிதான். நியூசிலாந்தின் ஆட்சியின் கீழ் இருக்கும் பிரதேசம், மூன்று பவளத்தீவுகள், மொத்தம் சுமார் 12 சதுர கிலோமீட்டர் நிலம், ஏறக்குறைய 1,500 பேர். விமான நிலையம் கிடையாது, சமோவாவின் ஆப்பியாவில் கப்பல் ஏறினால் ஒரு நாளுக்கு மேல் கடலில் ஆட வேண்டும் (எனக்கு நினைத்தாலே குமட்டுகிறது).

எனக்குப் பிடித்தது அவர்களின் அரசாங்கம்தான். தலைநகரம் என்று ஒன்றே இல்லை. ஆட்சித் தலைவர் பதவி வருடம் ஒரு தீவுக்குப் போகும், அதோடு அலுவலகமும் போகும். யாருக்கும் மனக்குறை இல்லை, குலுக்கல் இல்லாமலே எல்லோருக்கும் முறை வரும் சீட்டு மாதிரி.

வருமானம்? நியூசிலாந்து தரும் உதவி, அப்புறம் சூரை மீன் பிடிக்க வரும் வெளிநாட்டுக் கப்பல்களிடம் வாங்கும் உரிமக் கட்டணம். ஒரு காலத்தில் இலவசமாகக் கிடைத்த 'டாட் டிகே' இணைய முகவரிகூட இவர்களுடையதுதான்.

சரி, சுயாட்சி வேண்டாமா என்று 2006இலும் 2007இலும் வாக்கெடுப்பு வைத்தார்கள். இரண்டு முறையும் பெரும்பான்மை ஆதரித்தது, ஆனால் தேவைப்பட்டது மூன்றில் இரண்டு பங்கு. இரண்டாவது முறை 16 ஓட்டில் போய்விட்டது!