மாதச் சம்பளம் 6,000 ரேண்ட்: மணிக்கு எவ்வளவு?

டர்பனில் கடை வேலை பார்க்கும் நம் ஆட்களிடம் சம்பளம் கேட்டால் மாதத் தொகையைத்தான் சொல்வார்கள். முதலாளிக்கும் அதுதான் வசதி. தென்னாப்பிரிக்கச் சட்டம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கணக்கில்தான் வைத்திருக்கிறது: 2025 மார்ச் 1 முதல் 2026 பிப்ரவரி வரை மணிக்கு 28.79 ரேண்ட்; கீழே உள்ள கணக்கு அந்த விகிதத்தில். வருடாவருடம் இது மாறும். எந்த மாதச் சம்பளமோ அந்த மாத விகிதத்தில் போடுங்கள்.

காலை 8 முதல் மாலை 6 வரை, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம், வாரம் ஆறு நாள் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 54 மணி. இதில் 45 மணிதான் சாதாரண வேலை: 1,295.55 ரேண்ட். மீதி 9 மணி ஓவர்டைம், ஒன்றரை மடங்கு: சுமார் 388.67. இரண்டையும் கூட்டி நாலே மூன்றில் ஒன்றால் (52 வாரம் ÷ 12 மாதம்) பெருக்கினால் மாதம் 7,298. இங்கேதான் பலர் நாலால் பெருக்கிக் கோட்டை விடுகிறார்கள். 6,000 கொடுத்துவிட்டு "மினிமத்துக்கு மேலேயே தருகிறேன்" என்பவர், 45 மணிக்கான 5,614-ஐக் காட்டித் தப்பிக்கிறார்.

அந்த ஒரு மணி நேரச் சாப்பாட்டையும் கவனியுங்கள். கல்லாவை விட்டு எழவே முடியாது, வாயில் சோறோடு பில் போடுகிறீர்கள் என்றால் அது ஓய்வே இல்லை, சம்பளம் தர வேண்டிய நேரம். அப்போது வாரம் 60 மணி, மாதம் 8,421. ஓவர்டைம் 15 மணி ஆகிவிடுகிறது. வாரத்துக்கு 10 மணிக்கு மேல் ஓவர்டைம் வேலை வாங்குவதே தப்பு.

"தங்க இடம், சாப்பாடு எல்லாம் தருகிறேனே" என்பார்கள். தரட்டும். அதைக் குறைந்தபட்சக் கூலிக்குள் சேர்க்க முடியாது. போக்குவரத்துப் படி, போனஸ், டிப்ஸ் எதுவும் சேராது.

கல்லாவில் காசு குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பது இன்னொரு வழக்கம். தப்பு உங்களுடையது என்று காட்ட வேண்டும், உங்கள் பக்கத்தைக் கேட்க வேண்டும், எந்தக் கடனுக்கென்று குறிப்பிட்டு எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். அப்படியும் சம்பளத்தில் கால் பங்குக்கு மேல் பிடிக்கக் கூடாது. வேலைக்குச் சேரும் அன்றே வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்பது இதற்காகத்தான். போடாதீர்கள்.

வழக்கு தோற்பது பெரும்பாலும் ஆதாரம் இல்லாமல். ஒரு சின்ன நோட்டில் தினமும் வந்த நேரம், போன நேரம், சாப்பிட்ட நிமிடம் எழுதுங்கள். மாதக் கடைசியில் மொத்தமாக எழுதிய நோட்டு ஒரே பேனா, ஒரே கையெழுத்தோட்டமாகப் பல்லிளிக்கும். பே ஸ்லிப்பைப் போனில் படம் எடுத்து வையுங்கள். பே ஸ்லிப்பே தருவதில்லை என்றால் அதுவும் தனிச் சட்ட மீறல்.

காசு பாக்கிக்குத் தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் போகலாம், தொழில் தகராறு தீர்க்கும் அமைப்பான சிசிஎம்ஏ-விடமும் (CCMA) போகலாம், செலவில்லை. வேலையை விட்டு நீக்கினால் 7.11 என்ற புகார்ப் படிவத்தை சிசிஎம்ஏ-விடம் 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். சனி, ஞாயிறும் அந்த முப்பதில் அடக்கம். முதலில் ஒரு பிரதி முதலாளிக்குப் போக வேண்டும். அனுப்பிய மின்னஞ்சலையோ பதிவுத் தபால் ரசீதையோ சேர்க்காவிட்டால் படிவம் அங்கேயே நின்றுவிடும்.

விசா முடிந்துவிட்டதே என்று வாய் மூடி இருப்பவர்களுக்கு ஒன்று: ஒர்க் பெர்மிட் இல்லாதவரும் தொழிலாளிதான் என்று 2008-லேயே தொழிலாளர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பெர்மிட் சிக்கல் வேறு, செய்த வேலைக்கான கூலி வேறு.