லெஹெந்தகாரியின் இன்னொரு பெயர்

"அப்பா, அகிர்ரே எங்கள் ஊரின் மேயராக இருந்தவராம், தெரியுமா?" என்று மகள் கேட்ட மாலையில் நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். அவளுக்கு அப்போது பதினொரு வயது. 'எங்கள் ஊர்' என்று அவள் சொன்னது பில்பாவோவுக்கு அருகே கடலோரத்தில் இருக்கும் கெச்சோவை. எனக்கோ அந்தச் சொல்லைக் கேட்டால் இன்றும் பருத்தித்துறைக் கடற்கரைதான் கண்ணுக்குள் வரும்.

பாரிஸில் பதினாறு வருடம் சமையல்கூடங்களில் நின்றுவிட்டு 2014இல் இங்கே வந்தோம். உறவுகளிடம் "ஸ்பெயினுக்குப் போகிறோம்" என்றுதான் சொல்லியிருந்தேன். முதல் வாரமே கீழ்வீட்டு மூதாட்டி அதைத் திருத்தினார். "இது எவுஸ்கால் எர்ரியா, பாஸ்க் நாடு" என்று ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திச் சொல்லித் தந்தார். அவரை நாங்கள் 'அமுமா' என்று அழைக்கிறோம். இந்தப் பக்கத்து பாஸ்க் மொழியில் பாட்டிக்கு அதுதான் பெயர். அம்மாவுக்கு 'அமா'. இரண்டு மொழிக்கும் உறவு இருக்கிறதென்று இதை வைத்துக் கதை கட்ட நான் தயாரில்லை. ஆனாலும் அந்நிய நாட்டு மாடிப்படியில் நின்று 'அமா' என்ற சொல்லைக் கேட்டபோது நெஞ்சு இளகியது உண்மை.

பிறகு மாலை வகுப்பில் சேர்ந்தேன். 'எச்சே' என்றால் வீடு. 'எச்சேரா' வீட்டுக்கு, 'எச்சேதிக்' வீட்டிலிருந்து, 'எச்சேயான்' வீட்டில். சொல்லின் வாலில் வேற்றுமை ஏறி உட்காருவது தமிழ்க் காதுக்குப் புதிதே இல்லை. ஸ்பானிய மொழி பேசும் மற்ற மாணவர்கள் திணறிய இடத்தில் நான் வழுக்கிக்கொண்டு போனேன். வினைச்சொல் வந்ததும் எல்லாரும் ஒன்றாகத் திணறினோம்.

மகளின் பள்ளியில் பிள்ளைகளை கெர்னிகாவுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். அங்கே ஓர் ஓக் மரம் இருக்கிறது. பழங்காலத்தில் இந்த பிஸ்காயா மாகாணத்தின் சபை கூடிய மரம். ஒன்று பட்டுப்போனால் அதன் வழித்தோன்றலை அதே இடத்தில் நட்டுவிடுவார்கள். 1936 அக்டோபர் 7 அன்று அந்த மரத்தடியில்தான் ஹோசே அந்தோனியோ அகிர்ரே முதல் பாஸ்க் அரசின் தலைவராக உறுதிமொழி எடுத்தார். அந்தப் பதவியை 'லெஹெந்தகாரி' என்கிறார்கள். 'லெஹென்' என்றால் முதல். முப்பத்திரண்டு வயது அவருக்கு. ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் தொடங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை, போர்முனையும் தொலைவில் இல்லை. உறுதிமொழியை மகள் கொப்பியில் எழுதி வந்திருந்தாள்: கடவுளின் முன் பணிந்து, பாஸ்க் மண்ணின் மேல் எழுந்து நின்று, முன்னோரை நினைத்து, கெர்னிகா மரத்தடியில், என் பொறுப்பை நன்றாக நிறைவேற்றுவேன் என்று உறுதி கூறுகிறேன்.

'சுதுனிக்' என்ற சொல்லின் கீழ் அவள் கோடு போட்டிருந்தாள். எழுந்து நின்று என்று பொருள். கடவுளுக்கு மட்டும் பணிவு, மண்ணின் மேல் நிமிர்வு. அந்த ஒரு வரிக்காகவே நான் அவரைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

1904இல் பில்பாவோவில் பிறந்தவர். பத்துப் பிள்ளைகளில் மூத்தவர். வீட்டாருக்குச் சாக்லேட் தொழிற்சாலை இருந்தது. சட்டம் படித்தார், பில்பாவோவின் அத்லெடிக் கிளப்புக்காகக் கால்பந்து ஆடினார். அத்லெடிக்கில் ஆடியவர் என்பது இந்த ஊரில் எவ்வளவு பெரிய தகுதி என்பதைச் சான் மாமேஸ் மைதானத்தின் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தவர்கள் அறிவார்கள். 1931இல் கெச்சோவின் மேயர். தன்னாட்சிச் சட்டத்துக்காக மற்ற மேயர்களை ஒன்றுசேர்த்தவர்களில் முன்னால் நின்றவர் அவர். சட்டம் கிடைத்தபோது நாடு பற்றி எரிந்துகொண்டிருந்தது.

அவருடைய அரசு சொந்த மண்ணில் நின்றது ஒன்பது மாதத்துக்கும் குறைவு. அதற்குள் பாஸ்க் தேசியவாதிகள், சோஷலிஸ்டுகள், குடியரசுக் கட்சியினர், கம்யூனிஸ்ட் என எல்லாரையும் ஒரே அமைச்சரவையில் வைத்திருந்தார். நாணயம் அடித்தார்கள், கடவுச்சீட்டு வழங்கினார்கள். 1937 ஏப்ரல் 26 அன்று ஜெர்மனிய, இத்தாலிய விமானங்கள் கெர்னிகாவை எரித்தன. மரம் தப்பியது. ஜூன் 19இல் பில்பாவோ விழுந்தது. அதற்கு முன்பே ஆயிரக்கணக்கான பிள்ளைகளைக் கப்பலேற்றி அனுப்பியிருந்தார்கள். 'ஹபானா' என்ற ஒரே கப்பலில் நாலாயிரம் பேரளவில் இங்கிலாந்துக்குப் போனார்கள். அமுமாவின் அக்காவும் ஒரு கப்பலில் போனவர். அதைச் சொல்லும்போது அமுமா மேசைவிரிப்பின் ஓரத்தை மடித்து மடித்து விரிப்பார்.

1940 மே மாதம், பிரான்சில் தஞ்சமிருந்த அகிர்ரே குடும்பத்தாரைப் பார்க்க பெல்ஜியம் போயிருந்த நேரத்தில் ஹிட்லரின் படை உள்ளே நுழைந்தது. கடற்கரை ஊரான தெ பான்னேயில் குண்டுவீச்சில் அவருடைய தங்கை இறந்தார். திரும்பும் வழியெல்லாம் அடைபட்டுப் போயிற்று. பிடிபட்டால் என்ன நடக்கும் என்பதில் ஐயமில்லை: அவரோடு சேர்ந்து பிரான்சுக்குள் எல்லை கடந்த கத்தலோனியத் தலைவர் லுயிஸ் கொம்பானிஸை ஜெர்மானியர் பிடித்து, உள்நாட்டுப் போரில் வென்ற ஸ்பெயின் சர்வாதிகாரி பிராங்கோவிடம் ஒப்படைத்தார்கள். அந்த அக்டோபரில் பார்சிலோனாவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

அகிர்ரே மீசை வளர்த்தார், மூக்குக்கண்ணாடி போட்டார். ஆன்ட்வெர்ப்பில் இருந்த பனாமா நாட்டுத் தூதர் ஒருவரின் உதவியால் ஹோசே ஆந்திரேஸ் அல்வாரெஸ் லாஸ்த்ரா என்ற பனாமாக்காரர் ஆனார். அவருடைய சொந்தப் பெயர் ஹோசே அந்தோனியோ அகிர்ரே லெகூபே. இரண்டையும் ஸ்பானிய எழுத்தில் எழுதிப் பாருங்கள், முதலெழுத்துகள் நான்கும் ஒன்றே: ஜே, ஏ, ஏ, எல். மக்களுக்குக் கடவுச்சீட்டு வழங்கிய அரசின் தலைவர், இன்னொரு நாட்டின் கடவுச்சீட்டோடு 1941 ஜனவரியில் பெர்லினுக்கே போனார். அங்கே நாட்குறிப்பு எழுதியபடி மாதக்கணக்கில் காத்திருந்தார். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வெனிசுவேலா நாட்டவர் என்ற பெயரில் வந்து சேர்ந்தார்கள். சுவீடன் வழியாகக் கப்பலேறி பிரேசிலில் இறங்கினார்கள். உருகுவேயில்தான் அவர் மறுபடியும் அகிர்ரே ஆனார்.

அந்தப் பகுதியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

1998இல் நானும் இன்னொருவன் பெயரில்தான் பயணம் செய்தேன். புறப்படுவதற்கு முன் ஒரு விடுதி அறையில் எட்டு நாள் இருந்தேன். அந்தப் பெயரின் கையெழுத்தை ஒரு பழைய கணக்குக் கொப்பி முழுவதும் எழுதிப் பழகினேன். கடைசி எழுத்தின் வால் இடப்பக்கம் சுழிய வேண்டும். என் கை வலப்பக்கமே இழுத்தது. பிறந்த தேதி, தாயின் பெயர், படித்த பள்ளி எல்லாம் மனப்பாடம். நள்ளிரவில் எழுப்பிக் கேட்டாலும் பிழையில்லாமல் சொல்ல வேண்டும் என்று உண்மையிலேயே எழுப்பிக் கேட்டார்கள். பாரிஸில் என் சொந்தப் பெயரில் தஞ்சம் கேட்டபோது, அதிகாரி அந்தப் பெயரைச் சொல்லி அழைத்ததும் ஒரு கணம் நான் எழவில்லை. இதை மனைவியிடம்கூட நான் அதிகம் பேசியதில்லை. எனக்கு முன்பே ஒருவர், அதுவும் ஒரு மக்களின் தலைவர், இதே பாடத்தைப் படித்திருக்கிறார் என்று அறிந்தபோது பல வருடப் பாரம் ஒன்று இறங்கியது. அது வெட்கப்பட வேண்டிய காரியம் என்று நான் இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

மறுநாள் அமுமாவிடம் சொன்னேன். அவர் வியப்படையவில்லை. தனக்கும் இரண்டு பெயர் என்றார். பிராங்கோ காலத்தில் பதிவேட்டில் பாஸ்க் பெயர் எழுத விடவில்லை. பதிவேட்டில் ஸ்பானியப் பெயர், அடுப்படியில் பாஸ்க் பெயர். "அடுப்படிப் பெயர்தான் நான்" என்றார்.

அகிர்ரே பிறகு நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். போர் முடிந்ததும் பாரிஸுக்குத் திரும்பினார். ஹிட்லர் தோற்றால் பிராங்கோவும் விழுவார் என்று நம்பியிருந்தார். அது நடக்கவில்லை. அவருடைய அரசு இருந்த பாரிஸ் கட்டடத்திலிருந்து 1951இல் பிரெஞ்சு அரசே அவர்களை வெளியேற்றி, அதைப் பிராங்கோவின் ஸ்பெயினிடம் கொடுத்தது. அப்போதும் அவர் அரசைக் கலைக்கவில்லை. 1960 மார்ச் 22 அன்று பாரிஸில் மாரடைப்பால் இறந்தார், வயது ஐம்பத்தாறு. அவருக்குப் பின் லெயிஸாவோலா அந்தப் பதவியைச் சுமந்து 1979 டிசம்பரில்தான் ஊர் திரும்பினார். நாற்பத்திரண்டு வருடம் நிலமில்லாத ஓர் அரசு உயிரோடு இருந்திருக்கிறது.

அகிர்ரேயைப் புதைத்தது எல்லைக்கு அந்தப் பக்கம், பிரெஞ்சு பாஸ்க் நாட்டின் தொனிபானே லோஹிசுனேயில். சொந்த மண்ணுக்கு அவ்வளவு அருகில், ஆனால் எல்லைக்கு வெளியே. கடந்த கோடையில் மகளும் நானும் பஸ்ஸில் போனோம். அவள் கெர்னிகாவில் பொறுக்கிய ஓக் இலை ஒன்றைப் பாடப்புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். இருன் தாண்டி பிதாசோவா ஆற்றுப் பாலம் வந்தபோது என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. என் சொந்தப் பெயருள்ள அட்டை அங்கே இருந்தது. பஸ் வேகம் குறையாமல் போய்க்கொண்டிருந்தது. "எல்லை எப்போது வரும், அப்பா?" என்று மகள் கேட்டாள். அதற்குள் ஆறு எங்கள் பின்னால் போய்விட்டிருந்தது.