மறுபடியும் பார்டருக்கு இந்தப் பக்கம்

போன வாரம் கேர் ஹோம்ல நைட் ஷிப்ட் முடிச்சுட்டு பஸ்ல தூங்கி வழிஞ்சுகிட்டு வர்றேன், பொண்ணு ஸ்கூல் ஆப்ல இருந்து டிங்குன்னு ஒரு மெசேஜ். உங்க குழந்தையோட லஞ்ச் அக்கவுண்ட் மைனஸ்ல போயிடுச்சு, உடனே காசு போடுங்க, இல்லைன்னா வீட்டுல இருந்தே சாப்பாடு கட்டிக் குடுத்துவிடுங்கன்னு. தூக்கம் போயே போச்சு. பால்காரர்ட்ட கடன் இருந்திருக்கு, சீட்டுக் கட்ட முடியாம ஒளிஞ்சிருக்கோம், ஆனா பள்ளிக்கூடத்துல புள்ளை தின்ன சோத்துக்குக் கடன்னு எங்க பரம்பரையிலேயே யாரும் கேள்விப்பட்டதில்லைங்க.

விஷயம் இதுதான். இங்கிலாந்துல ரிசப்ஷன் கிளாஸ்ல (ஸ்கூல் சேர்ற முதல் வருஷம்) இருந்து இயர் டூ வரைக்கும் பணக்காரன் ஏழை பாக்காம எல்லாப் புள்ளைகளுக்கும் மத்தியானச் சாப்பாடு ஃப்ரீ, 2014 செப்டம்பர்ல இருந்து அப்படித்தான். இயர் த்ரீ போயிட்டா காசு, ஒரு நேரத்துக்கு ரெண்டரை மூணு பவுண்டு. எம்பொண்ணுக்கு 7 வயசு ஆச்சு, அவ்ளோதான், சலுகை முடிஞ்சது. 7 வயசுல இருந்து பசி ஜாஸ்திதான் ஆகும்னு நம்ம ஊர்ல எந்தக் கெழவியைக் கேட்டாலும் சொல்லும்.

அம்மாவுக்கு போன் போட்டு பொலம்புனேன். கேரளா பார்டர்ல இருக்கற எங்க ஊரு கொழிஞ்சாம்பாறைல வாசத்திண்ணையில உக்காந்துட்டு அம்மா நிதானமா கேக்குது, "ஏன் கண்ணு, அங்கயும் நமக்கு வெள்ளைக் கார்டுதானா?"

சிரிச்சு மாளல. பாலக்காட்டுப் பக்கம் இருக்கறவங்களுக்கு இது புரியும், ஏழைங்களுக்குக் குடுக்கற மஞ்சக் கார்டு ரோஸ் கார்டுன்னா ராஜ மரியாதை, வசதியானவங்கன்னு குடுக்கற வெள்ளைக் கார்டுன்னா ரேஷன் கடைக்காரர் மூஞ்சியைக்கூட நிமுந்து பாக்க மாட்டாரு. நான் சொன்னேன், வெள்ளைக் கார்டும் கிடையாதும்மா, எங்க விசாவுலயே பொது நிதியில இருந்து எதுவும் கேக்கக்கூடாதுன்னு எழுதியிருக்கு, வரி கட்டலாம், சம்பளத்துல புடிக்கற நேஷனல் இன்ஷூரன்ஸ் கட்டலாம், புள்ளை வளக்க அரசாங்கம் குடுக்கற சைல்ட் பெனிஃபிட் கேக்கக்கூடாது. "அப்ப கட்டற காசு ஆருக்குப் போகுது?"ன்னு கேட்டுச்சு. அதுக்கு நான் என்னத்தச் சொல்ல.

எங்க ஊர்க்காரங்களுக்கு அரசாங்கத்தை அரசாங்கத்தோட ஒப்பிடறது ரத்தத்துலயே இருக்கு. வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டுனா தமிழ்நாடு. கட்டிக் குடுத்த அத்தைங்க பாதி அந்தப் பக்கம், பொண்ணெடுத்த மாமாங்க பாதி இந்தப் பக்கம். அத்தை வீட்டுக்கு 2006க்கு அப்புறம் கலர் டிவி வந்துச்சு, 2011க்கு அப்புறம் மிக்சி கிரைண்டர் ஃபேன் வந்துச்சு, இப்ப 2023 செப்டம்பர்ல இருந்து மாசம் 1000 ரூபா மகளிர் உரிமைத் தொகை. அம்மா விடுமா, "எங்க பக்கம் பென்ஷனு 1600ல இருந்து 2000 ஆக்கிட்டாங்க, ஓணத்துக்கு மளிகைக் கிட்டு குடுத்தாங்க"ன்னு பதிலுக்குப் போடும். தமிழ்நாட்டு ரேஷன் அரிசி ராத்திரியில எந்த ரோட்டு வழியா எங்க பக்கம் வருதுன்னு ஊருக்கே தெரியும், போலீசுக்கு மட்டும் அப்பப்பதான் தெரியும்.

ஆனா பள்ளிக்கூடச் சோத்துல மட்டும் எங்களுக்குப் பெரிய ஏக்கம் உண்டு. நான் படிச்சது எங்க பக்கத்து தமிழ் மீடியம் ஸ்கூல். கேரளாவுல 1984ல ஆரம்பிச்ச மத்தியானத் திட்டம்தான், கஞ்சியும் பயறும். அந்தப் பக்கம் 1982லயே எம்ஜிஆர் ஆரம்பிச்சுட்டாரு, அதுக்கும் முன்னாடி காமராஜர், அப்புறம் கலைஞர் முட்டை வேற சேத்துட்டாரு. அத்தை பையன் லீவுக்கு வந்தா "எங்க ஸ்கூல்ல முட்டை"ன்னு ஒரு பந்தா விடுவான் பாருங்க, அதை இன்னும் நான் மன்னிக்கல. ஒரு முட்டைக்காக எங்களை அந்தப் பக்கம் சேத்துவிடச் சொல்லி நானும் அண்ணனும் அழுது அடம்புடிச்சிருக்கோம்.

அந்தக் கஞ்சியைக் கொறை சொல்ல மனசு வராது. மூணாவது பீரியடுலயே பயறு வேகற வாசம் ஜன்னல் வழியா வந்துடும், அப்புறம் டீச்சர் என்ன நடத்துனாலும் காதுல ஏறாது. பேர் வெட்டுன எவர்சில்வர் தட்டை எடுத்துட்டு வரிசையில நின்னா ஆயாம்மா பெரிய கரண்டியில ஊத்தும், இன்னும் வேணும்னா இன்னும் ஊத்தும். உங்கப்பன் என்ன சம்பாதிக்கறான்னு கேக்காது. தென்னந்தோப்பு வெச்சிருந்தவங்க பையனும் அதே வரிசையிலதான் நின்னான், அவங்கம்மாவுக்குத் தெரியாம. யாரு இல்லாதவங்க யாரு இருக்கறவங்கன்னு தட்டைப் பாத்துக் கண்டுபுடிக்க முடியாது. அதான் எனக்குப் பெருசாத் தெரியுது.

இங்க கேள்வி கேட்டுத்தான் சோறு. இயர் த்ரீக்கு மேல ஃப்ரீயா வேணும்னா யூனிவர்சல் கிரெடிட் (சம்பளம் கம்மியானவங்களுக்கும் வேலை இல்லாதவங்களுக்கும் அரசாங்கம் குடுக்கற உதவித்தொகை) வாங்குற வீடா இருந்தாலும் வருஷத்துக்கு 7,400 பவுண்டுக்கு மேல சம்பளம் இருந்தா கிடையாதுன்னு 2018ல வெச்ச கணக்கு. 2026 செப்டம்பர்ல இருந்து அந்த வரம்பை எடுத்துட்டு, யூனிவர்சல் கிரெடிட் வாங்குற எல்லா வீட்டுக்கும்னு அறிவிச்சிருக்காங்க, நல்லதுதான், அப்பவும் கேள்வி கேட்டுத்தான்.

கூட வேலை பாக்குற இங்கிலீஷ்காரம்மா ஒருத்தங்க இருக்காங்க, 60 தாண்டுனவங்க, நான் இந்த மெசேஜைக் காட்டுனதும் டீ கப்பை வெச்சுட்டு ஒரு சிரிப்பு சிரிச்சாங்க. அவங்க சின்னப் புள்ளையா இருக்கும்போது ஸ்கூல்ல தினம் பால் குடுப்பாங்களாம். 1971ல, பின்னாடி பிரதமர் ஆன தாட்சர் கல்வி மந்திரியா இருந்தப்ப 7 வயசுக்கு மேல பாலை நிறுத்துனாங்க, அந்த வரிசையில இவங்களும் ஒருத்தங்க. அப்பவும் 7, இப்பவும் 7! இவங்களே நடுவுல ஒரு தடவை வேலை போய் யூனிவர்சல் கிரெடிட் கேட்டப்ப முதல் காசு வர அஞ்சு வாரம் ஆகும்னு சொல்லிட்டாங்களாம், முன்பணம் வாங்கலாம், ஆனா அது கடன், பின்னாடி புடிச்சுக்குவாங்க. அந்த அஞ்சு வாரம் வவுச்சர் வாங்கிட்டு ஃபுட் பேங்க்ல (தானமா வந்த மளிகையை இலவசமாக் குடுக்கற இடம்) பாஸ்தாவும் டின் பீன்ஸும்தான். அதைச் சொல்லும்போது கதவு சாத்தியிருக்கான்னு ஒரு பார்வை பாத்துகிட்டாங்க. எங்க ரேஷன் வரிசையில யாரும் வெக்கப்பட்டு நான் பாத்ததில்லை, சண்டைதான் போடுவாங்க.

சும்மா திட்டவும் கூடாது. வீட்டுக்காரருக்கு வேர்ஹவுஸ்ல கை பெசகி ஆஸ்பத்திரிக்குப் போனோம், ராத்திரி பூரா காத்திருந்தோம், எக்ஸ்ரே கட்டு எல்லாம் ஆச்சு, பில் கட்டற கவுண்டர் எங்கன்னு அவரு தேடிட்டே இருந்தாரு. அப்படி ஒரு கவுண்டரே இல்லை. அப்பாவோட ஆபரேஷனுக்கு கோயமுத்தூர்ல அம்மா வளையலை வித்தது ஞாபகம் வந்துடுச்சு, அன்னைக்கு இந்த நாட்டை மனசாரக் கும்புட்டேன்.

அதனால நல்லாவே செட் ஆயிட்டோம்னுதான் எல்லார்கிட்டயும் சொல்றேன். மழையும் பழகிடுச்சு, நாலு மணிக்கு இருட்டறதும் பழகிடுச்சு. பயறு வேக வெக்கும்போது மட்டும் எக்ஸ்ட்ராவா ஒரு டம்ளர் தண்ணி ஊத்திடறேன், கஞ்சியாக் குடிக்கறதுக்கு. பொண்ணு மூக்கைப் பொத்திக்குது.

உச்சக்கட்டக் கொடுமையை இன்னும் சொல்லலை. நாங்க இருக்கறது செஸ்டர். இங்கயும் ஊர் ஓரத்துலயே பார்டர் போகுது, சால்ட்னி பக்கம் தாண்டுனா வேல்ஸ், ஒரே பிரிட்டன்தான், ஆனா ஸ்கூல் ஆஸ்பத்திரிக்கெல்லாம் அவங்களுக்குத் தனி அரசாங்கம். ஃபுட்பால் ஸ்டேடியத்துக்குள்ளயே பார்டர் போகுதுன்னா பாத்துக்கோங்க. அந்த வேல்ஸ்ல பிரைமரி ஸ்கூல் புள்ளைங்க எல்லாருக்கும் சாப்பாடு ஃப்ரீ, 2024 செப்டம்பரோட முழுசாக் கொண்டுவந்துட்டாங்க. மருந்துச் சீட்டுக்கும் அங்க 2007ல இருந்து காசு கிடையாது, இங்க ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு. கடல் தாண்டி வந்தும் முட்டை அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்!

ஃபின்லாந்துல 1948லயே ஸ்கூல் புள்ளைங்க எல்லாருக்கும் இலவசச் சாப்பாடு வந்துடுச்சாம், போர்ல அடிபட்டு சோவியத்துக்கு நஷ்ட ஈடு கட்டிட்டு இருந்த நேரத்துல. காசில்லாத நாடே செஞ்சிருக்கு. எம்ஜிஆர் ஆரம்பிச்சப்பவும் நிதிக்கு எங்க போவீங்கன்னுதானே கேட்டாங்க.

வீட்டுக்காரர் இப்ப ராத்திரி ராத்திரி சால்ட்னி வாடகை பாத்துட்டு இருக்காரு. அங்க போனா ஸ்கூல்ல வெல்ஷ் கட்டாயம். அம்மாகிட்ட சொன்னேன், "மலையாளம் படிச்சு நீ கெட்டா போயிட்ட, படிக்கட்டும் விடு, முட்டை போடறாங்களான்னு மட்டும் கேட்டுக்க"ன்னுடுச்சு. பொண்ணுக்கு ஃப்ரெண்ட்ஸை விட்டு வர இஷ்டம் இல்லை, அது தனிப் பஞ்சாயத்து. அந்தப் பக்கம் ரெண்டு பெட்ரூம் வீடு காலியாகுதுன்னு யாருக்காச்சும் தெரிஞ்சா சொல்லுங்க, பஸ் ஸ்டாப் பக்கத்துல இருந்தா நல்லது, எனக்கு நைட் ஷிப்ட்.