மின்வெட்டிலும் விழித்திருக்கும் கேமராக்கள்: டர்பனில் சூரிய மின்சாரத்தில் அமைத்த அனுபவம்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வர்த் பகுதியில் வசிப்பவர்களுக்கு மின்வெட்டைப் பற்றிப் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. 2023இல் நாடு முழுவதும் லோட் ஷெடிங் என்னும் முறைவைத்த மின்வெட்டு உச்சத்தில் இருந்தது. 2024 மார்ச் இறுதிக்குப் பிறகு அது பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது என்றாலும், கேபிள் திருட்டாலும் துணைமின் நிலையப் பழுதாலும் தெரு முழுக்க இருட்டாவது இன்னும் நிற்கவில்லை. வீடு புகுந்து திருடுபவர்களுக்கு வசதியான நேரமும் அதுதான். மின்வேலியும் அலாரமும் தங்கள் சிறிய பேட்டரியில் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும்; கேமராக்களோ மின்சாரம் போன நொடியிலேயே நின்றுவிடும். காவல் மிகவும் தேவைப்படும் வேளையில் அது இல்லாமல் போவதை ஏற்க முடியாமல், வீட்டிலுள்ள நான்கு கேமராக்களையும் ரெக்கார்டரையும் இணைய ரூட்டரையும் நகராட்சி மின்சாரத்திலிருந்து முழுவதுமாகப் பிரித்து, சூரிய ஒளியில் மட்டும் இயங்கச் செய்தேன். அதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்காக, நான் செய்ததையும் அதற்கான காரணங்களையும் இங்கே எழுதுகிறேன்.

தலையில் சிறு பேனலோடு கடைகளில் விற்கும் சோலார் கேமராக்களை நான் வாங்கவில்லை. பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காக அவற்றில் பல, எதிரே ஆள் நடமாட்டம் தெரிந்த பிறகே விழித்துப் பதிவு செய்யத் தொடங்கும். மதிலைத் தாண்டிக் குதிப்பதற்கு இரண்டு நொடி போதும்; அந்த இரண்டு நொடியும் பதிவாகாத கேமராவால் எனக்குப் பயனில்லை. இருபத்துநான்கு மணி நேரமும் தொடர்ந்து பதிவு வேண்டும் என்று முடிவு செய்தால், முதலில் வாங்க வேண்டியது பேனல் அல்ல, வாட் அளக்கும் சிறு மீட்டர். அதைச் சுவர் பிளக்கில் செருகி, எல்லாக் கருவிகளையும் அதன் வழியாக ஒரு பகலும் ஓர் இரவும் முழுதாக ஓடவிட்டேன். சராசரி 46 வாட் வந்தது. கருவிகளின் முதுகில் ஒட்டியிருக்கும் எண்களைக் கூட்டிப் பார்த்தால் இந்த விடை கிடைக்காது, ஏனெனில் இரவில் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கியதும் ஒவ்வொரு கேமராவின் செலவும் கணிசமாக ஏறுகிறது.

அடுத்து இன்வெர்ட்டர். ஆலோசனை கேட்ட இடங்களில் எல்லாம் பேட்டரி, இன்வெர்ட்டர், அதில் செருகிய பழைய அடாப்டர்கள் என்றே சொன்னார்கள். 12 வோல்ட்டை 230 வோல்ட்டாக ஏற்றி, அதையே அடாப்டர் மறுபடியும் 12 வோல்ட்டாக இறக்குவதில் இரண்டு முறை இழப்பு உண்டாகிறது. போதாததற்கு, இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதே 10 முதல் 20 வாட் வரை தின்னும். பெரிய வீட்டுச் சுமைக்கு அது ஒரு பொருட்டல்ல. நாற்பது வாட் சுமைக்கு அது பெரும் பங்கு. ஆகவே இன்வெர்ட்டரையே விட்டுவிட்டு எல்லாவற்றையும் நேர்மின்சாரத்திலேயே ஓட்டினேன். பேட்டரியின் வோல்ட் சார்ஜ் ஆகும்போது 14.4 வரை ஏறி, பிறகு இறங்குவதால், ரெக்கார்டருக்கும் ரூட்டருக்கும் முன்னால் 12 வோல்ட்டை நிலையாகத் தரும் ஒரு கன்வெர்ட்டரை வைத்தேன். இந்த ஒரு மாற்றத்தால் மொத்தச் செலவு சராசரியாக 38 வாட்டுக்கு இறங்கியது; ஒரு நாளைக்குச் சுமார் 912 வாட் மணி.

வாசல் கேட்டில் இருக்கும் கேமராவுக்கு முன்பு வேலை செய்தவர்கள் 12 வோல்ட்டை மெல்லிய இரட்டைக் கம்பியில் முப்பது மீட்டர் தூரம் இழுத்திருந்தார்கள். பகலில் ஒழுங்காக ஓடும். பொழுது சாய்ந்தால் படம் விட்டு விட்டு வரும். ஒரு நாள் அந்தி நேரத்தில் ஏணியில் ஏறி, கேமராவின் இணைப்பில் மல்டிமீட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 11.4 வோல்ட் காட்டிக்கொண்டிருந்தது. வெளிச்சம் குறைந்ததும் உள்ளே வடிகட்டி மாறும் ‘டிக்’ ஒலி கேட்டது, அகச்சிவப்பு விளக்குகள் மங்கிய சிவப்பில் எரிந்தன, எண் 10.4க்குச் சரிந்தது, கேமரா அணைந்தது. அணைந்ததும் வோல்ட் பழையபடி ஏறியது. கேமரா மீண்டும் துவங்கியது. விளக்கு எரிந்ததும் மீண்டும் அணைந்தது. அரை சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் போக வர அறுபது மீட்டர் என்றால் மின்தடை இரண்டு ஓமுக்குச் சற்று மேல். முக்கால் ஆம்பியர் ஓடினாலே ஒன்றரை வோல்ட் வழியிலேயே போய்விடும். இதற்கு நான் கண்ட தீர்வு பி.ஓ.இ முறை. பேட்டரியின் 12 வோல்ட்டை 48 வோல்ட்டாக ஏற்றி, வலைப்பின்னல் கேபிளிலேயே மின்சாரத்தையும் அனுப்பும் சுவிட்சை வைத்தால், அதே வேலைக்கு நான்கில் ஒரு பங்கு மின்னோட்டம் போதும். அதே முப்பது மீட்டருக்கு இப்போது இழப்பு ஒரு வோல்ட்டுக்கும் குறைவு.

பேனல் கணக்கு எளிது. டர்பனில் ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு நாலரை மணி நேர முழு வெயில் என்று வைத்து, வெப்பம், தூசி, கம்பி, சார்ஜ் இழப்புகளுக்காக முப்பது சதவீதம் கழித்தால், 912 வாட் மணிக்குக் குறைந்தது 290 வாட் பேனல் வேண்டும். நான் 450 வாட் பேனல் ஒன்றை வாங்கினேன். இத்தகைய பெரிய பேனல்கள் நாற்பது வோல்ட் அளவில் வேலை செய்பவை. பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தை ஒழுங்குபடுத்தும் கருவி சார்ஜ் கன்ட்ரோலர். விலை மலிவு என்று அதில் பி.டபிள்யூ.எம் வகையை இணைத்தால், பேனலைப் பேட்டரியின் வோல்ட்டுக்கே இழுத்துவிடும். 450 வாட்டில் மூன்றில் ஒரு பங்குதான் கைக்கு வரும். பேனலின் உயர்ந்த வோல்ட்டை வீணாக்காமல் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் எம்.பி.பி.டி வகை கன்ட்ரோலரே இதற்குப் பொருந்தும். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

தமிழ்நாட்டுக் காணொளிகளைப் பார்த்து வேலை செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே பேனலைத் தெற்கு நோக்கி வைக்கிறார்கள். நாம் பூமத்தியரேகைக்குக் கீழே முப்பது பாகையில் இருப்பதால், இங்கே வடக்கு நோக்கி, ஏறக்குறைய முப்பது பாகைச் சாய்வில் வைக்க வேண்டும். நிழலை ஜூன் மாதத்தில் பார்ப்பது நல்லது. டிசம்பர் நண்பகலில் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே நிற்கிறது. ஜூனில் 37 பாகை உயரத்தைத் தாண்டுவதில்லை. கோடையில் எங்கள் கூரையைத் தொடாத பக்கத்து வீட்டு மாமர நிழல், குளிர்காலத்தில் காலை முழுவதும் பேனலின் மேல் கிடக்கும். அந்த வீட்டு ஆயாவிடம் போய்க் கேட்டேன். “மேல் கிளைய வெட்டிக்கோ தம்பி, காய்க்கிற கிளையத் தொடாதே” என்றார்கள். அப்படியே செய்தோம்.

பேட்டரி 12.8 வோல்ட், 200 ஆம்பியர் மணி, லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. அதன் கொள்ளளவு 2,560 வாட் மணி. எண்பது சதவீதத்தைப் பயன்படுத்தினால், வெயிலே இல்லாமல் இரண்டு நாளுக்குச் சற்று மேல் தாங்கும். ஈய அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் விரைவில் குறையும் என்பதால், அதே அளவுக்கு ஏறக்குறைய நான்கு மடங்கு எடை தேவைப்பட்டிருக்கும். லித்தியத்தில் ஒரு சிரமம் உண்டு. முக்கால்வாசி இருக்கும்போதும் பாதிக்குக் கீழே இறங்கும்போதும் வோல்ட் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும் என்பதால், வோல்ட் மீட்டரைப் பார்த்து மிச்சத்தை அறிய முடியாது. உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணிக் கணக்கு வைக்கும் ஷன்ட் மானி அவசியம். பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். குறுக்குச்சுற்று ஏற்பட்டால் வீட்டைக் காப்பது அது ஒன்றுதான்.

கூரையில் வெர்வெட் குரங்குகள் ஓடி விளையாடும் ஊர் இது. வெளியே தெரியும் எந்தக் கம்பியையும் அவை இழுக்கும், கடிக்கும். ஆகவே எல்லாவற்றையும் உலோகக் குழாய்க்குள் செலுத்தினேன். கடற்காற்றின் உப்பில் சாதாரண இரும்பு ஆணிகள் சீக்கிரம் துருப்பிடிக்கும். அலுமினியத் தாங்கியும் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளுமே போட்டேன்.

இணையத்தை நம்பிப் பதிவுகளை வெளியே அனுப்புகிறவர்கள், நீண்ட மின்வெட்டில் செல்பேசிக் கோபுரத்தின் பேட்டரியும் தீர்ந்து தொடர்பு அறுந்துபோகும் என்பதை மறக்கக் கூடாது. ரெக்கார்டரை வீட்டுக்குள்ளேயே, எளிதில் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைத்திருக்கிறேன். கைபேசியில் பார்ப்பது கூடுதல் வசதி மட்டுமே.

டர்பனில் மழை கோடையில்தான். குளிர்காலம் வறண்டு, வானம் தெளிவாக இருக்கும். எனவே இந்த அமைப்புக்கு உண்மையான சோதனை மழைமேகம் விலகாத கோடை வாரங்களில் வருகிறது. கனத்த மேகத்தில் பேனல் தன் வழக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தந்தாலே அதிகம். அப்படியொரு வாரத்தில் மானி 31 சதவீதம் வரை இறங்கியது. அதற்கும் கீழே போனால் பக்கவாட்டுக் கேமராக்கள் இரண்டும் நின்று, கேட்டும் பின்கதவும் ரெக்கார்டரும் மட்டும் ஓடும்படி கன்ட்ரோலரில் அமைத்திருந்தேன். அந்த நிலை வருவதற்குள் வெயில் வந்துவிட்டது. ஆனாலும் பேட்டரி நிரம்ப மெதுவாகவே ஆனது. அடுத்த மழைக்காலத்துக்கு முன் இன்னொரு பேனல் சேர்க்க வேண்டும். இப்போதுள்ள 30 ஆம்பியர் கன்ட்ரோலர் முதல் பேனலோடேயே தன் வரம்பைத் தொட்டுவிடுவதால், இரண்டாவதற்குத் தனியாக ஒரு சிறிய கன்ட்ரோலர் வாங்கி, இரண்டையும் அதே பேட்டரியில் தனித்தனி ஃபியூஸோடு இணைக்கப் போகிறேன்.