புது ரெக்கார்டு தாவுதா? திருப்பி அனுப்புறதுக்கு முன்னாடி

இரண்டாயிரம், மூவாயிரம் கொடுத்து வாங்கின புது எல்பி இசைத்தட்டு மூன்றாவது பாட்டிலேயே குதித்தால் யாருக்கும் எரிச்சல் வரும். உடனே திருப்பி அனுப்பி, மாற்றுத் தட்டு வந்து, அதுவும் குதித்தால் என்ன செய்வீர்கள்? பெரும்பாலும் கோளாறு தட்டில் இல்லை, ஊசியின் அழுத்தத்தில் இருக்கும். "பழைய தட்டெல்லாம் நல்லா பாடுதே" என்பது ஒரு சாட்சியே இல்லை. புதுத் தட்டுகள் சிலவற்றில் சத்தத்தையும் பேஸையும் ஏற்றிப் பதித்திருப்பார்கள். அங்கே ஊசி ஓடும் பள்ளம் அகலமாக வளைந்து ஓடும்; அழுத்தம் குறைந்த ஊசி அந்த வளைவில் தூக்கி எறியப்படும்.

முதலில் எங்கே தாவுகிறது என்று கவனியுங்கள். எப்போதும் ஒரே சொல்லில் தாவினால் பள்ளத்தில் தூசியோ பிசிறோ இருக்கிறது. 1.8 நொடிக்கு ஒருமுறை 'டிக்' வந்தால் கீறல் அல்லது நெளிவு. நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் தட்டு ஒரு சுற்று வர ஆகும் நேரம் அதுதான். பேஸ் ஓங்கும் இடத்தில் மட்டும் என்றால் அழுத்தம் போதவில்லை. ஊசி நடுவை நோக்கி வழுக்கி ஓடினால் ஆன்டி-ஸ்கேட் (ஊசிக் கை நடுவுக்கு இழுபடாமல் தடுக்கும் அமைப்பு) குறைவாக இருக்கலாம். கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி சொன்னதையே சொன்னால் ஆன்டி-ஸ்கேட் அதிகமாக இருக்கலாம், அல்லது வெறும் அழுக்கு.

அழுத்தம் வைக்கும் முறை இது. ஊசி மூடியைக் கழற்றி, ஆன்டி-ஸ்கேட்டை 0-வில் வையுங்கள். பின்னால் உள்ள எடைக்கட்டியைத் திருகி, ஊசியைத் தாங்கும் கை மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல் தராசு முள் போல மிதக்கும் இடத்தைப் பிடியுங்கள். இப்போது கட்டியை அசையாமல் பிடித்துக்கொண்டு, எண் போட்ட வளையத்தை மட்டும் 0-வுக்குக் கொண்டுவாருங்கள். அதன்பிறகு கட்டியும் வளையமும் சேர்ந்து சுழலும்படி திருகி, தேவையான எண்ணில் நிறுத்துங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான்: வளையத்தை மட்டும் 2-க்குத் திருப்பிவிட்டு 2 கிராம் வைத்ததாக நம்பிவிடுவார்கள். ஆடியோ-டெக்னிகா விஎம்95இ ஊசிக்கு 2.0 கிராம், ஆர்டோஃபோன் 2எம் ரெட் ஊசிக்கு 1.8. ஆன்டி-ஸ்கேட்டுக்கும் அதே எண்தான்.

சரிபார்க்க சவுக்கார்பேட்டை நகைத் தராசைத் தேடிப் போகாதீர்கள். அதன் இரும்புத் தட்டு காட்ரிட்ஜின் (ஊசி பொருத்திய சின்னப் பெட்டியின்) காந்தத்தை இழுக்கும். உயரமும் ரெக்கார்டைவிட அதிகம். இரண்டுமே அளவைக் கெடுக்கும். டர்ன்டேபிளுக்கென்றே சின்ன டிஜிட்டல் தராசு வருகிறது, அதை வாங்குங்கள்.

ஊசிக் கையின் தலைப்பகுதியில் காசு ஒட்டும் பழைய வைத்தியம் மட்டும் வேண்டாம். ஸ்டீல் நாலணா 2.83 கிராம். ஏற்கெனவே உள்ள 2 கிராமோடு சேர்ந்தால் ஏறக்குறைய 5 கிராம் ஆகிவிடும். தாவல் நிற்கும்தான், ஆனால் செல்லாக்காசு ஒன்று ஊசியையும் பள்ளத்தையும் சேர்த்துத் தேய்த்துவிடும். அழுத்தம் மாற்ற முடியாத பிளேயர் என்றால் ஊசி கடைசி வரை உள்ளே பொருந்தியிருக்கிறதா, கையைக் கட்டி வந்த கட்டுக்கம்பி முழுதாக எடுக்கப்பட்டதா என்று மட்டும் பாருங்கள்.

அடுத்தது மட்டம். கொத்தனார் ரசமட்டத்தைச் சுழல்தட்டின் மேல் இரண்டு திசையிலும் வைத்துப் பாருங்கள். ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கத்துப் பழைய வீடுகளில் மாடித்தளம் மர உத்திரத்தின் மேல் நிற்கும். யாராவது நடந்தாலே ஊசி குதிக்கும். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் அதிர்வு தனி. பிளேயருக்கு நம் ஊர் வீட்டில் கிடைக்கும் மிகச் சிறந்த பீடம், சுவரில் பதித்த கடப்பா கல் ஷெல்ஃப். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் ஸ்டாண்டைவிட மேல். ஸ்பீக்கரை அதே பலகையில் வைக்காதீர்கள். பேஸ் அதிர்வு திரும்ப ஊசிக்கே ஏறும்.

யாரும் பார்க்காத ஒன்று, தட்டின் நடு ஓட்டை. புதுத் தட்டில் ஓட்டையின் விளிம்பில் பிசிறு நின்றால் தட்டு அச்சில் முழுதாக இறங்காது. ஒருபுறம் தூக்கி ஆடும். கண்மட்டத்தில் குனிந்து பார்த்தால் சுழல்தட்டின் விரிப்புக்கும் ரெக்கார்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரியும். பென்சிலை ஓட்டைக்குள் விட்டு மெதுவாகச் சுழற்றினால் பிசிறு உதிர்ந்துவிடும்.

புதுசு என்றாலும் கழுவுங்கள். காகித உறையின் துகள் பள்ளத்தில் இருக்கும். போர் தண்ணி கூடாது, காய்ந்ததும் உப்பு பூக்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டே சொட்டு. மைக்ரோஃபைபர் துணியால் பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரால் மறுபடி அலசி, லேபிள் நனையாமல் பார்த்துக்கொண்டு, அரைமணி நேரம் ஃபேன் காற்றில் நிற்க வையுங்கள். வெயிலில் வைத்தால் அப்பளம்தான். பரணில் தாத்தா காலத்து 78 தட்டு (அரக்கில் செய்தது) இருந்தால் அதன் பக்கம் ஆல்கஹால் கலந்த திரவம் போகவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். ஊசியை மொபைல் டார்ச்சில் பாருங்கள். பஞ்சு சுருண்டிருந்தால் பிரஷ்ஷால் பின்னிருந்து முன்னாக மட்டும் இழுங்கள், பக்கவாட்டில் வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் அதே சொல்லில் தாவினால், இன்னொரு பிளேயரில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் தாவினால் தட்டில்தான் குறை. லேபிள் தெரிய, தாவும் இடம் தெரிய ஒரே வீடியோவாக எடுத்து விற்றவருக்கு அனுப்புங்கள். நெளிவு என்றால் கண்மட்டத்தில் கேமராவை வைத்து ஊசி ஏறி இறங்குவதை எடுங்கள்.